சத்தம் போட்டவன் ஒருத்தன், மாத்திரை தின்னவன் இன்னொருத்தன்

ராத்திரி 2 மணிக்குக் காரியாபட்டி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. தூத்துக்குடிக்குப் போகிற லாரி ஒன்று நாலுவழிச் சாலையில் இரைந்துகொண்டே போய்த் தேயும். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு நாய்கள்கூடக் குரைக்காது. கரிசல் காட்டு ராத்திரிக்கு அப்படியொரு அமைதி உண்டு. அந்த அமைதியில்தான் என் இடது காதுக்குள் ‘ங்கொய்’ என்று கேட்க ஆரம்பிக்கும். பழைய ட்யூப்லைட் சோக்கு மாதிரி ஒரே சுருதி. ஆறு வருஷமாக ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை.

டாக்டர்கள் டினிடஸ் என்பார்கள். நாம் காது இரைச்சல் என்போம். என் அம்மா இன்றைக்கும் ‘காதுக்குள்ள வண்டு’ என்றுதான் சொல்கிறாள். காய்ச்சிய நல்லெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வண்டை வெளியேற்ற அவள் பலமுறை முயன்றிருக்கிறாள்.

அந்த வண்டுக்காக எட்டு மாதம் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை தின்றேன். அந்த மாத்திரை யாரைக் காப்பாற்றுகிறது என்று கண்டுபிடிக்க அதைவிட அதிக காலம் பிடித்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது என்னைக் காப்பாற்றவில்லை.

*

பிளஸ் டூ முடித்ததும் நான் ஒரு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். 12 வருஷம் அதே வேலை. பங்குனிப் பொங்கல், சடங்கு, கட்சிக் கூட்டம், காதுகுத்து. கைக்குழந்தைக்குக் காது குத்துகிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஆளுயர பாக்ஸை நிறுத்திப் பாட்டுப் போட்டவன் நான். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை. ‘சத்தம் பத்தலப்பா, பக்கத்து ஊருக்குக் கேக்கணும்ல’ என்பதுதான் கமிட்டிக்காரர்களின் ஒரே குறை. நான் கூட்டி வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

கடையை விட்டு வந்து தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் மிஷின் போட்ட பிறகுதான் இரைச்சல் நிரந்தரமானது. மதுரைக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். தாளில் ஒரு கோடு வந்தது. கோடு நேராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கி, மறுபடி ஏறியது. அந்தக் கிணறுதான் சத்தத்தால் கெட்ட காதின் கைரேகை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். காது மருத்துவப் பாடப் புத்தகத்தில் பாலபாடம் அது.

டாக்டர் தாளைப் பார்த்தார். ‘நரம்பு கொஞ்சம் வீக்காயிருக்கு. ஆன்டிஆக்ஸிடன்ட் எழுதித் தர்றேன், மூணு மாசம் போடுங்க’ என்றார். அவரை நான் குறை சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை.

பத்து மாத்திரை உள்ள பட்டை ஒன்று இருநூற்றுச் சொச்சம் ரூபாய். தினம் ரெண்டு. ஆல்ஃபா லிபோயிக் ஆசிட், வைட்டமின் சி, வைட்டமின் இ, துத்தநாகம், செலினியம், திராட்சைவிதைச் சாறு, கிங்கோ பைலோபா. பெட்டியின் பின்பக்கம் படித்தால் பாதி காய்கறி மார்க்கெட், பாதி ரசாயன ஆய்வுக்கூடம். முன்பக்கம் காதுப் படம். அந்தக் காதுக்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல.

இந்த வரியைக் கம்பெனிக்காரர்கள் அடக்கத்தால் அச்சிடவில்லை. இது மருந்துச் சட்டத்தில் வராத, உணவுச் சட்டத்தில் வருகிற சரக்கு. ஊட்டச்சத்துப் பொருள்களுக்கான 2016-ஆம் வருஷத்து விதிமுறைகளின்படி, ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்றும், ‘எந்த நோயையும் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ உத்தேசித்தது அல்ல’ என்றும் பெட்டியில் போட்டாக வேண்டும். ஆக, இது எந்த நோயையும் குணப்படுத்தாது என்று சட்டப்படி எழுதி ஒட்டிய ஒரு பொருளை, நோயைக் குணப்படுத்தச் சொல்லி டாக்டர் எழுதித் தருகிறார், மெடிக்கலில் மருந்து அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிறார்கள், நாம் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் விட்டு விழுங்குகிறோம். இந்த மூன்று பேரில் பெட்டியைப் படிக்க வாய்ப்பே இல்லாதவர்தான் காசு கொடுக்கிறவர்.

*

எதிராளிக்கும் நியாயம் செய்ய வேண்டும். மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் கொள்கை பொய் அல்ல.

நத்தைக் கூடு மாதிரிச் சுருண்டிருக்கும் உட்காதுக்குள், ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. வரிசையில் நின்று காற்றுக்கு ஆடும் கம்பங்கதிர் மாதிரி அவை சத்தத்துக்கு ஆடுகின்றன. அந்த ஆட்டம்தான் மின்சாரமாகி மூளைக்குப் போகிறது. சத்தம் அளவு மீறும்போது அந்தச் செல்கள் மூச்சுமுட்ட உழைக்கின்றன. அந்த உழைப்பில் ஃப்ரீ ராடிக்கல் என்கிற துடுக்கான மூலக்கூறுகள் பெருகிச் செல்லையே அரிக்கின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் அவற்றை அடக்கும். ஆய்வுக்கூடத்து எலிகளுக்கும் கினிப்பன்றிகளுக்கும் சத்தத்துக்கு முன்னாலோ உடனடியாகவோ கொடுத்தபோது காதுச் சேதம் குறைந்திருக்கிறது. இதுவரை எல்லாம் சரி.

இங்கிருந்து மாத்திரைப் பட்டைக்குத் தாவுகிற தாவல்தான் மோசடி. மனிதக் காதில் செத்த மயிர்ச் செல் மறுபடி முளைப்பதில்லை. உள்ளே வரவேண்டிய சத்தம் வராமல் போனதும், மூளை தன் பக்கத்து வால்யூமைத் தானே கூட்டிக்கொள்கிறது. வெட்டுப்பட்ட கால் வலிப்பதைப் போல, இல்லாத சத்தம் கேட்கிறது. இதுதான் பெரும்பாலான காது இரைச்சலுக்கு இன்றைக்குச் சொல்லப்படும் விளக்கம். எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வதானால், சோளத்தட்டைப் படப்பு தீப்பிடித்து எரியும்போது தண்ணீர் ஊற்றினால் பாதியாவது மிஞ்சும். எரிந்து ஆறு வருஷம் ஆன பிறகு சாம்பலில் ஊற்றினால் தட்டை முளைக்குமா? ஊற்றுகிற தண்ணீர் உயர்ந்த ரகம் என்று பெட்டியில் படம் போட்டால் முளைத்துவிடுமா?

சரி, கொள்கையை விடுவோம். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது என்ன ஆனது?

இந்த மாத்திரைகளில் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது கிங்கோ. இங்கிலாந்தில் ட்ரூ, டேவிஸ் என்ற இருவர் 1,121 பேரை வைத்து நடத்திய சோதனை 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பாதிப் பேருக்குக் கிங்கோ, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, 12 வாரம். ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2016-இல் பிரேசிலில், காது இரைச்சல் உள்ள 58 முதியவர்களைப் பிரித்து, கிங்கோ ஒரு குழுவுக்கும், ஆல்ஃபா லிபோயிக் ஆசிடும் வைட்டமின் சியும் இன்னொரு குழுவுக்கும், பாப்பாவரினும் வைட்டமின் இயும் வேறொரு குழுவுக்கும், மாவு மாத்திரை கடைசிக் குழுவுக்கும் ஆறு மாதம் கொடுத்தார்கள். என் பட்டையில் இருந்த சரக்கில் பாதி அந்தச் சோதனையில் இருக்கிறது. எந்தக் குழுவும் மாவு மாத்திரையை ஜெயிக்கவில்லை.

ஜெயித்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. மறைக்க மாட்டேன். 2007-இல் இத்தாலியில் 31 பேருக்குக் கொடுத்துக் குறைந்ததாக எழுதினார்கள். அதில் ஒப்பிட மாவு மாத்திரைக் குழுவே கிடையாது. 2019-இல் கிரேக்க ஆய்வாளர்கள் 70 பேரை வைத்து, மாவு மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்ததில் ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் தணிந்திருக்கிறது. அது ஒழுங்காகச் செய்த ஆய்வுதான். ஆனால் 70 பேர், மூன்று மாதம். இன்னும் பெரிய கூட்டத்தில் செய்து பார்க்கலாம் என்று சொல்ல அது போதும். அருப்புக்கோட்டைக் கூலிக்காரனின் பையில் கைவிட அது போதாது.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி, நீடித்த காது இரைச்சலுக்குக் கிங்கோ, மெலடோனின், துத்தநாகம் உட்பட எந்த ஊட்டச்சத்து மாத்திரையையும் பரிந்துரைக்காதீர்கள் என்று மருத்துவர்களிடமே சொல்கிறது. 53 நாடுகளில் காது இரைச்சல் உள்ள 1,788 பேரிடம் கேட்ட ஒரு கணக்கெடுப்பு 2016-இல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 70.7 சதவீதம் பேர் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். 19 சதவீதம் பேர் குறைந்தது என்றார்கள். 10.3 சதவீதம் பேர் கூடிவிட்டது என்றார்கள்.

*

அந்த 19 சதவீதத்தில் நானும் ஒருவனாக இருந்தேன், முதல் மாதம் மட்டும்.

தினமும் படுக்கும்போது இரைச்சலுக்குப் பத்துக்கு மார்க் போட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தேன். மாத்திரை ஆரம்பித்தபோது 7, 8. ஒரு மாதத்தில் 5. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நாலாம் மாதம் 6, 7. எட்டாம் மாதம் 7. நோட்டை மொத்தமாகப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய வருஷமும் இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறது, நான் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். காது இரைச்சல் தானே கூடிக் குறையும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே? மத்தியானம் 12 மணிக்குக் குடை வாங்கினவன், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததற்குக் குடையைக் கும்பிடுகிற கதை.

‘இருந்துட்டுப் போகுது, வைட்டமின்தானே, என்ன கெடுதல்?’ என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களுக்கு, கேன்சரைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டினும் வைட்டமின் இயும் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் தின்றவர்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 35,000 ஆண்களை வைத்து நடந்த சோதனையில், வைட்டமின் இ மட்டும் எடுத்தவர்களுக்கு ப்ராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் கூடியது 2011-இல் தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் கிங்கோவையும் சேர்த்துத் தின்றால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் நல்லது என்கிற நம்பிக்கை விளம்பரம் உண்டாக்கியது. உடம்புக்கு அந்த விளம்பரம் தெரியாது.

அதற்காக எல்லோரும் மாத்திரை தின்று கேன்சரில் சாகப்போகிறோம் என்று பயமுறுத்த மாட்டேன். நான் சொல்லவரும் கெடுதல் வேறு. அதை மச்சான்தான் எனக்குக் காட்டினார்.

*

அக்காவை அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மச்சானுக்கு விசைத்தறி. 28 வருஷமாக ஒரே கொட்டகை. சேலை ஓட்டுகிறார். முதல் மாதம் எனக்குக் குறைந்த குஷியில் அவரிடம் போனில் மாத்திரைப் பெயரைச் சொல்லியிருந்தேன். அவருக்கும் ரொம்ப நாளாக ரெண்டு காதிலும் இரைச்சல். சொன்னதை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு வேலையாகப் போனவன் கொட்டகைக்கே போய்விட்டேன். எட்டுத் தறி ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிற சத்தம் நெஞ்சுக்கூட்டில் இடிக்கும். மைக்செட்காரனான எனக்கே தலை கிறுகிறுத்தது. மச்சான் என்னைப் பார்த்ததும் சிரித்து, சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்துக் காட்டினார். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, தறிக்குப் பக்கத்தில் நின்றபடியே பாட்டில் தண்ணீரைக் குடித்தார்.

வெளியே வந்ததும் கத்திப் பேசினார். தறிக்காரர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள்.

‘நாலு மாசமாப் போடுறேன் மாப்ள. கொறஞ்ச மாதிரிதான் இருக்கு. தறி ஓடும்போது கேக்கவே மாட்டேங்குது.’

‘தறி ஓடும்போது எப்பிடி மச்சான் கேக்கும்? ராத்திரி?’

கொஞ்ச நேரம் யோசித்தார். ‘ராத்திரி இருக்கத்தான் செய்யுது.’

வீட்டில் அக்கா தனியாகச் சொன்னாள்: ‘மளிகைக்கு வச்சிருக்கிற காசுலதாண்டா வாங்குறாரு. நீ சொன்னேன்னு.’

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எட்டுத் தறிக்கு நடுவில் நின்று ஒரு மனிதன் காது மாத்திரை விழுங்குகிறான். படப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. தீயை வைத்தவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. படப்பிடம்போய், உனக்கு ஈரப்பதம் குறைச்சல், நீதான் சத்தாகச் சாப்பிட வேண்டும் என்கிறோம்.

இதுதான் அந்த மாத்திரை செய்கிற முக்கியமான வேலை. நோயின் காரணத்தை வெளியிலிருந்து எடுத்து என் ரத்தத்துக்குள் வைக்கிறது. ‘நரம்பு வீக்’, ‘சத்துக் குறைவு’, ‘வயசாச்சு’. சத்தம் என்ற சொல்லே அந்தப் பேச்சில் வராது. முதலாளி வரமாட்டார், கொட்டகை வராது, குவாரி வராது, கோயில் கமிட்டி வராது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்காதது ஞாபக மறதியால் அல்ல. கேட்டால் மாத்திரை எழுதுவதோடு வேலை முடியாது.

அடுத்ததாக ஒருவர் கேட்பார்: சத்தத்துக்குள்ளேயே நிற்கிறவருக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் காப்பாக இருக்கலாமே? அதையும் பார்த்திருக்கிறார்கள். துப்பாக்கிப் பயிற்சிக்குப் போன அமெரிக்க மரைன் படையினருக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்து நடத்திய சோதனை 2015-இல் வெளியானது. எதைக் கண்டுபிடிக்கச் சோதனை நடத்தினார்களோ அந்தக் கணக்கில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஒரு டீயும் வடையும் விலைக்குக் கிடைக்கிற நுரை அடைப்பானைச் சரியாகச் செருகினால் 15, 20 டெசிபல் குறையும். எந்த மாத்திரையும் இதுவரை அதைச் செய்ததில்லை.

*

சத்தம் காதைக் கெடுக்கும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 300 வருஷத்துக்கு முன்னால் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, வெனிஸ் நகரத்துச் செம்புத் தட்டார்கள் சுத்தியல் சத்தத்தில் செவிடாவதை எழுதினார். 1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் 100 பாய்லர் தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்கும் காது ஒழுங்காக இல்லை. லங்காஷயர் நெசவு மில்களில் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்ள ஒரு தனிப் பாஷையே வைத்திருந்தார்கள். மச்சானும் அவர் கூட்டாளிகளும் கொட்டகைக்குள் அப்படித்தான் பேசுகிறார்கள், அந்தப் பாஷைக்கு ஒரு பெயர் வைக்கத்தான் ஆள் இல்லை.

நம் சட்டத்துக்கும் தெரியும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், சத்தத்தால் வரும் கேள்திறன் இழப்பு, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று உச்சவரம்பும் இருந்தது. அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் 85-க்கு மேல் வேண்டாம் என்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலில் நிற்கலாம், 15 நிமிஷம். மச்சான் நிற்பது ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்.

ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் வைத்து 10 பேராவது வேலை பார்க்கும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. நாலு பேர் எட்டுத் தறியை ஓட்டும் கொட்டகை தொழிற்சாலையே அல்ல. அங்கே கெடுகிற காது காகிதத்தில் கெடுவதில்லை.

எங்கள் பக்கம் தறி மட்டுமா? காரியாபட்டியைச் சுற்றிக் கல்குவாரியும் கிரஷரும். 2024 மே 1-ஆம் தேதி, உழைப்பாளர் தினத்தன்று, ஆவியூர் பக்கம் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். அன்றைக்குத்தான் ஊர் உலகமெல்லாம் எங்கள் தாலுகாவின் பெயரைக் கேட்டது. அந்த ஒரு வெடி செய்தியானது. மற்ற நாளெல்லாம் பாறையில் துளை போடுகிறவனின் காதில் விழுவது செய்தி ஆவதில்லை. தென்மேற்கே சிவகாசி. தீபாவளிக்கு நாடு வெடிக்கும் சத்தத்தில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் செய்தது. தென்கிழக்கே திருச்சுழி. மௌனத்தையே உபதேசமாக வைத்திருந்த ரமணர் பிறந்த ஊர். அங்கேயும் திருவிழாவுக்குக் குழாய் கட்டத்தான் செய்வார்கள். நானே கட்டியிருக்கிறேன்.

ஆமாம், நானும் குற்றவாளிதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45, பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷமே விதி வந்துவிட்டது. அந்த விதி வந்த பிறகுதான் நான் மைக்செட் வேலைக்கே சேர்ந்தேன். சத்தத்தைக் கௌரவமாக நினைக்கிற ஊரில், சத்தம் பத்தாது என்றவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். அதனால்தான் மாத்திரை நமக்கெல்லாம் இவ்வளவு வசதியாக இருக்கிறது. அதைத் தின்றால் யாரையும் பகைக்க வேண்டியதில்லை.

*

‘அப்ப என்னதான் வழி?’ என்று காது இரைச்சலோடு இதைப் படிக்கிறவர் கேட்பார். உலகத்தில் 14 சதவீதப் பெரியவர்களுக்கு இது இருக்கிறது என்று 2022-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. ஆக, இதைப் படிப்பவர்களிலும் ஏழில் ஒருவருக்கு இருக்கும்.

காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, ரத்த அழுத்தம், ரத்தசோகை உண்டா, வேறு மாத்திரையால் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடி துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள், நாள் போகப்போக மீட்பது கடினம். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது மெஷின் இரைச்சலையும் தணிக்கலாம். மனப்பழக்க சிகிச்சை, அதாவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, இரைச்சலை நிறுத்தாது. ஆனால் அது வாழ்க்கையைத் தின்பதைக் குறைக்கும் என்று 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020-ஆம் வருஷத்துக் காக்ரேன் அறிக்கை சொல்கிறது. ராத்திரியில் ஃபேனோ, மெல்லிய மழைச் சத்தமோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். நான் வைத்திருக்கிறேன். இரைச்சலை நிறுத்தும் மாத்திரை உலகத்தில் எங்கேயும் இன்றைக்கு இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர் உங்களிடம் எதையோ விற்கிறார்.

மாத்திரைக்குச் செலவழிக்கும் கோபத்தை வேறு இடத்தில் செலவழிக்கலாம். காது நோயாளி எவரிடமும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டு, சீட்டில் எழுத வேண்டும். எழுதினால் அது ஆவணம், இழப்பீடு கேட்க ஒரு துண்டுக் காகிதம். எத்தனை பேர் வேலை பார்த்தாலும், தறிக்கொட்டகைக்கும் கிரஷருக்கும் வருஷம் ஒருமுறை காது பரிசோதனை வண்டி வர வேண்டும். காசநோய்க்கு வண்டி வருகிற ஊர்தானே இது.

அடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போய் மச்சானிடம் கொடுத்தேன். கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். கழிவுப் பஞ்சைச் சுருட்டி வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் பெரிய பிரயோஜனம் இல்லை, இது அப்படி இல்லை என்றேன்.

‘இத வச்சுக்கிட்டா இழை அறுந்தது தெரியாது மாப்ள. தறிச் சத்தம் மாறுறத வச்சுத்தான் கண்டுபிடிப்போம். அறுந்தது தெரியாம ஓடுச்சுன்னா சேலைக்குக் கூலியப் பிடிச்சுருவாங்க.’

எனக்குப் பதில் தெரியவில்லை. அடைப்பான் வாங்கித் தருவதோடு நம் கடமை முடிந்தது என்று நினைத்தால் அதுவும் இன்னொரு மாத்திரைதான். இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறி, நாடா இல்லாமல் ஓடும் சத்தம் குறைந்த தறி எல்லாம் உலகத்தில் இருக்கின்றன. அவை வாங்க முதலாளிக்குக் காசு வேண்டும். மச்சானின் காது இலவசம்.

கடைசியில் ஒரு காதுக்கு மட்டும் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

‘அப்ப அந்த மாத்திரைய நிறுத்திறவா?’

‘நிறுத்திருங்க மச்சான். நான் சொன்னது தப்பு.’

சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்து எண்ணினார்.

‘இன்னும் ஆறு இருக்கு. அத மட்டும் போட்டு முடிச்சிர்றேன். காசு குடுத்து வாங்குனதுல்ல.’